பழைய பாத்ரூம் டைல்ஸ்: மேலேயே பூசலாமா, பெயர்த்து எடுக்க வேண்டுமா?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பூர்வீக வீட்டைச் சரிபண்ண நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது பாத்ரூமில்தான். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் உறவுகள் வந்து இறங்குவார்கள். படுக்கப் பட்டாலைக் கூடத்தில் பாய் விரித்துக்கொள்ளலாம். மஞ்சள் ஏறிய டைல்ஸும் ஒழுகும் குழாயுமாகக் கிடக்கும் குளியலறையை மட்டும் யாருக்கும் காட்ட மனசு வராது. கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினால் பேச்சு அநேகமாக இப்படித்தான் போகும்:

"உடைச்சா வீடு பூரா தூசி ஆச்சி. டைல்ஸைக் கொத்திவிட்டு மேலேயே பூசிருவோம். ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்."

"பூசுனா நிக்குமா கொத்தனாரே?"

"நல்லா நிக்கும் ஆச்சி. சிமெண்ட் பால் அடிச்சிட்டுத்தானே பூசப்போறோம்."

அவர் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. செங்கல் சுவரில் சிமெண்ட் பால் அடித்துப் பூசினால் நிற்கும், அந்தப் பழக்கத்தில் சொல்கிறார். ஆனால் தண்ணீர் படுகிற பாத்ரூம் சுவரில், பளபளப்பான டைல்ஸின் மேல் சிமெண்ட் பூச்சுப் பூசாதீர்கள். முதல்முறை இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் முன் உண்மையில் இருப்பவை இரண்டு வழிகள். பெயர்த்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசி டைல்ஸ் ஒட்டுவது ஒன்று, பழைய டைல்ஸின் மேலேயே பசை போட்டுப் புது டைல்ஸ் ஒட்டுவது இன்னொன்று. எந்த வழி என்பதைச் சுவரின் நிலைமையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பூச்சு ஏன் நிற்காது?

சிமெண்ட் பூச்சு சுவரைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணங்கள் இரண்டு. செங்கல் தண்ணீரை உறிஞ்சும்போது சிமெண்ட் பாலும் அதன் நுண்துளைகளுக்குள் இறங்கி இறுகுகிறது. சொரசொரப்பும் செங்கல் இடுக்குகளும் பூச்சுக்குப் பிடிமானம் கொடுக்கின்றன. டைல்ஸின் முகத்தில் இரண்டுமே கிடையாது. அந்தப் பளபளப்பு, சூளையில் உருகிப் படிந்த கண்ணாடிப் படலம். அது தண்ணீரைக் குடிக்காது. அடித்த சிமெண்ட் பால் அதன் மேல் ஒரு தோலாகக் காயுமே தவிர உள்ளே இறங்காது. கண்ணாடித் தம்ளரின் வெளிப்பக்கம் சாந்து பூசிக் காயவைத்துத் தட்டிப் பாருங்கள், அப்படியே ஓடாகக் கழன்று வரும்.

இதோடு எடையும் சேர்கிறது. ஐந்துக்கு ஏழு அடி பாத்ரூமில் ஏழு அடி உயரத்துக்கு டைல்ஸ் இருந்தால், கதவைக் கழித்துச் சுமார் 150 சதுர அடிச் சுவர் வரும். அதன்மேல் அரை அங்குலப் பூச்சு என்றால் கிட்டத்தட்ட 350 கிலோ. பூச்சின் மேல் மறுபடி டைல்ஸ் ஒட்டினால், பசையோடு சேர்த்து இன்னொரு 250 கிலோவுக்கு மேல். இத்தனை பாரமும் அந்தக் கண்ணாடிப் படலத்தைத்தான் நம்பித் தொங்க வேண்டும். பூச்சு காயும்போது சுருங்கும், ஓரங்களில் மயிரிழை வெடிப்பு விடும். தினமும் கீசர் வெந்நீர் பட்டுச் சூடாகி, பிறகு ஆறி, அந்த வெடிப்பு விரியும். அதன் வழியே இறங்கும் தண்ணீர் பூச்சுக்கும் டைல்ஸுக்கும் நடுவே போக வழியில்லாமல் தேங்கும். அப்புறம் ஒரு நாள் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். குளிக்கிற பிள்ளைகள் மேல் பாளமாக விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

"அதுக்குத்தான் கொத்திவிடுறோமே" என்பார்கள். உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தினாலும் புள்ளிகளுக்கு நடுவே படலம் அப்படியே இருக்கும். அதைவிட மோசம், கொத்துகிற ஒவ்வோர் அடியும் அந்த டைல்ஸைப் பின்சுவரிலிருந்து தளர்த்துகிறது. எதன் மேல் பூச்சை நிறுத்தப்போகிறோமோ அதையே நம் கையால் ஆட்டிவிட்டு மேலே பாரத்தை ஏற்றுகிறோம்.

முதலில் சுவரைச் சோதியுங்கள்

கொத்தனாரிடம் விலை பேசுவதற்கு முன்பே இதை நீங்களே செய்துவிடலாம். ஒரு பத்து ரூபாய் நாணயமோ மரப்பிடி போட்ட திருப்புளியோ போதும், கூடவே ஒரு சாக்பீஸ். வெளிச்சத்தம் இல்லாத நேரமாகப் பார்த்து, மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு தட்டு, நாலு மூலையிலும் ஒவ்வொரு தட்டு. கெட்டியாக ஒட்டியது 'டக்' என்று கல்லில் தட்டியது மாதிரி கேட்கும். பின்னால் வெற்றிடம் இருந்தால் 'டொப்' என்று கேட்கும். அந்த வித்தியாசம் நாலைந்து டைல்ஸிலேயே காதுக்குப் பழகிவிடும். டொப் என்று கேட்டதில் எல்லாம் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள்.

முழுச் சுவரையும் தட்டி முடித்ததும் ஓரடி பின்னால் நகர்ந்து நின்று குறிகளைப் பாருங்கள். கீழ் இரண்டு மூன்று வரிசையில் மட்டும் குறிகள் கூடியிருந்தால் தரையிலிருந்து ஓதம் ஏறுகிறது. குழாயைச் சுற்றிக் கூட்டமாக இருந்தால் சுவருக்குள் பைப் கசிகிறது. எல்லா டைல்ஸிலும் நடுப்பகுதி கெட்டியாகவும் மூலைகள் பொள்ளலாகவும் இருந்தால், அந்தக் காலத்தில் நடுவில் ஓர் உருண்டை கலவையை மட்டும் வைத்து அழுத்தி ஒட்டியிருக்கிறார்கள். அங்கங்கே ஒன்றிரண்டு மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். அவற்றை மட்டும் எடுத்துவிட்டுக் குழியை அடைத்துக்கொள்ளலாம். பத்துக்கு ஒன்றுக்கு மேல் போனால் பழைய டைல்ஸை நம்பி எதையும் ஒட்டக் கூடாது என்பது என் கணக்கு.

அடுத்து, சுவரின் மறுபக்கம் போய்ப் பாருங்கள். பாத்ரூமுக்கு அடுத்த அறையிலோ நடையிலோ வெள்ளை பொரிந்து, உப்புப் பூத்து, கை வைத்தால் சில்லென்று இருக்கிறதா? இருந்தால் மேலே எதை ஒட்டினாலும் வீண். தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். அதற்கு டைல்ஸை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

குழாய்களும் முக்கியம். சுவருக்குள் ஓடுவது பழைய ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் என்றால் யோசிக்கவே வேண்டாம், பெயர்த்துவிடுங்கள். துரு உள்பக்கமாக ஏறித் துவாரம் குறுகியிருக்கும், திருகு மரை வெட்டிய இணைப்புகள் மெலிந்திருக்கும். அதன் மேல் புது டைல்ஸை ஒட்டிவிட்டு, பிறகு பைப் வெடித்து அதே டைல்ஸை உடைப்பதுபோல வயிற்றெரிச்சல் வேறில்லை. சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் பைப்பாக இருந்து, எங்கும் கசிவில்லை என்றால் அது வேறு கதை.

கடைசியாக ஒரே ஒரு டைல்ஸைப் பெயர்த்துப் பாருங்கள். கண்ணில் படாத இடமாக, வாஷ்பேசினுக்கு அடியிலோ கதவின் பின்னாலோ. சுற்றிலும் உள்ள இணைப்புக் கோட்டை முதலில் பழைய ரம்பத்தகட்டால் சுரண்டிவிட்டு, நடுவில் உடைத்துத் துண்டு துண்டாக எடுத்தால் பக்கத்து டைல்ஸ் தப்பிக்கும். பின்னால் தெரிவதைக் கவனியுங்கள். சாம்பல் நிறமாக, ஆணியால் கீறினால் கோடு விழாத கெட்டி என்றால் சிமெண்ட் பூச்சு. வெளுத்த நிறமாக, கீறினால் மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. கை வைத்தால் ஈரமா, அடைத்துக் கிடந்த வாடை வருகிறதா, டைல்ஸின் முதுகில் கலவை முழுதாக ஒட்டி வந்ததா, இல்லை முதுகு சுத்தமாக வந்துவிட்டதா? சுத்தமாக வந்தது என்றால் அது இத்தனை நாளும் பிடிமானமே இல்லாமல்தான் நின்றிருக்கிறது.

செட்டிநாட்டு வீடுகளில் கூடுதல் கவனம்

இந்த ஊர்ப் பெரிய வீடுகள் கட்டப்பட்டபோது பாத்ரூம் வீட்டுக்குள் இல்லை. குளியல் கிணற்றடியிலும் ஊருணியிலும். பின்னாளில்தான் இரண்டாம் கட்டிலோ மூன்றாம் கட்டிலோ ஒரு மூலையைத் தடுத்துப் பாத்ரூம் ஆக்கினார்கள். அதனால் பல வீடுகளில் பாத்ரூமின் நாலு சுவரும் ஒரே ஜாதி அல்ல. இரண்டு பழைய கனத்த சுண்ணாம்புச் சுவராக இருக்கும், மற்ற இரண்டு பிறகு எழுப்பிய நாலரை அங்குலச் சிமெண்ட் சுவராக இருக்கும். ஆகவே ஒரு டைல்ஸ் மட்டும் எடுத்துப் பார்த்தால் போதாது, பழைய சுவரில் ஒன்று, புதுச் சுவரில் ஒன்று எடுத்துப் பாருங்கள்.

சுண்ணாம்புச் சுவர் என்றால் மின்சார பிரேக்கர் வேண்டவே வேண்டாம். அந்தச் சுவரின் மறுபக்கம், சுண்ணாம்பும் கடுக்காய்ச் சாறும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்த அந்தப் பளிங்குப் பூச்சு இருக்கலாம். பிரேக்கரின் அதிர்வு இந்தப் பக்கம் டைல்ஸைத் தள்ளும்போதே அந்தப் பக்கம் அந்தப் பூச்சைச் சுவரிலிருந்து விலக்கிவிடும். அது வெடித்துவிட்டால் பழையபடி கொண்டுவரத் தெரிந்த கைகள் இன்று குறைவு. கையுளியும் இரண்டு பவுண்டு சுத்தியலும்தான். வேலை மெதுவாக நடக்கும், நடக்கட்டும். அந்தச் சுவர் பங்காளிகளுக்கும் பொது என்றால் சுத்தியல் எடுக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மறுபக்கம் அவர்கள் மாட்டியிருக்கும் படங்களையும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சில வீடுகளில் சுவரின் கீழ்ப்பாதியில் பூ வேலைப்பாடு புடைத்து நிற்கும் பழைய ஜப்பான் டைல்ஸோ இங்கிலாந்து டைல்ஸோ ஒட்டியிருக்கும். அப்படி ஒன்று பாத்ரூம் சுவரில் அகப்பட்டால் தயவுசெய்து வேலையை நிறுத்துங்கள். மேலே பூசவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். துணியும் சாதாரண சோப்புத் தண்ணீரும் போட்டுத் துடைத்தாலே பல இடங்களில் பழைய நிறம் வந்துவிடும். எடுத்தே ஆக வேண்டும் என்றால், சுண்ணாம்புக் கலவையில் பதித்தது மெல்லிய தகடு விட்டால் முழுசாகவே கழன்று வர வாய்ப்பு உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இவற்றை வாங்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். உங்கள் வீட்டுச் சுவரில் இருப்பதை நீங்களே சாக்கில் அள்ளிப் போட்டுவிடக் கூடாது.

பாத்ரூம் போகும் வழியெல்லாம் ஆத்தங்குடித் தரை என்றால் வேலை தொடங்கும் முன் அதன் மேல் சாக்கும், சாக்கின் மேல் பிளைவுட்டும் போடுங்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாதது. கண்ணாடிப் பலகையின் மேல் சிமெண்டும் மணலும் வண்ணமும் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பதமாக்கியது. உடைந்த டைல்ஸின் ஒரு சில்லு காலில் அகப்பட்டு இழுபட்டால் கீறல் நிரந்தரம். வேலை முடிந்து கறை போக்குகிறேன் என்று ஆசிட் ஊற்ற வருவார்கள். அதைத் தரைப்பக்கமே விடாதீர்கள், ஒரே தடவையில் மினுமினுப்புப் போய்விடும்.

சரி, எந்த வழி?

ஓதம், கசிவு, ஜி.ஐ. பைப், பத்தில் ஒன்றுக்கு மேல் பொள்ளல், சுவரில் ஏற்கெனவே இரண்டு அடுக்கு டைல்ஸ்: இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பெயர்த்து எடுங்கள். எதுவுமே இல்லை, டைல்ஸ் கல்லாக நிற்கிறது, நிறமும் டிசைனும்தான் பிடிக்கவில்லை என்றால் மேலேயே ஒட்டலாம். பழைய சுண்ணாம்புச் சுவரில் டைல்ஸ் உறுதியாக ஒட்டியிருந்து மறுபக்கமும் உலர்ந்திருந்தால், நான் பெயர்க்காமல் மேலே ஒட்டச் சொல்வேன். அந்தச் சுவருக்கு அடி விழாமல் இருப்பது பெரிய லாபம்.

பெயர்த்து எடுக்கும் விதம்

முதல் வேலை மெயின் சுவிட்சை அணைப்பது. கீசருக்கும் சுவிட்சுக்கும் போகும் ஒயர் பைப் சுவருக்குள் எங்கே ஓடுகிறது என்று பழைய எலக்ட்ரீஷியனைக் கேட்டுச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் வால்வை மூடி, குழாய்களைக் கழற்றி, திறந்த வாய்களில் பிளக் போட்டு அடையுங்கள். தரை ஜல்லடையைத் துணிப்பந்தால் அடைத்து, அதன் மேல் ஒரு சாக்கு. இதை விட்டுவிட்டால் உடைந்த சில்லும் சிமெண்டும் இறங்கிக் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும். புதுப் பாத்ரூமின் முதல் குளியலிலேயே தண்ணீர் நிற்பதற்குப் பல வீடுகளில் காரணம் இதுதான். கிளாசெட்டை அப்படியே வைத்துக்கொள்வதாக இருந்தால் கனமான துணியால் சுற்றிக் கட்டுங்கள்.

உடைக்கிறவர் கண்ணாடியும் கையுறையும் செருப்புக்குப் பதில் முழு ஷூவும் போட்டிருக்க வேண்டும். டைல்ஸ் சில்லு பிளேடு மாதிரி வெட்டும். மூக்குக்குத் துண்டு கட்டினால் போதாது, என்-95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கி நோயாக மாறக்கூடியது. சுவரில் அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே உடைத்தால் தூசி நன்றாகக் குறையும். சித்தாளாக வரும் பெண்களுக்கும் சேர்த்து வாங்குங்கள், அள்ளுகிறவர்களுக்குத்தான் அதிகத் தூசி.

ஏற்கெனவே பொள்ளலாக இருக்கும் டைல்ஸிலிருந்து தொடங்குங்கள். முதல் டைல்ஸ் வந்துவிட்டால் அந்த இடைவெளியில் பட்டை உளியைச் சுவரோடு சாய்வாக வைத்து அடுத்ததை நெம்பலாம். உளியைச் சுவருக்கு நேராக நிறுத்தி அடித்தால் டைல்ஸோடு செங்கலும் பெயரும். நாலரை அங்குலச் சுவரில் இது இன்னும் முக்கியம், பலமாக அடித்தால் மறுபக்கம் பூச்சு விழுந்துவிடும். டைல்ஸ் நிறுத்தப்போகும் எல்லையில் முன்கூட்டியே கட்டர் மெஷினால் ஒரு கோடு வெட்டிவிட்டால் அதைத் தாண்டி வெடிப்பு ஓடாது.

டைல்ஸ் போன பிறகு பின்னால் உள்ள பூச்சையும் தட்டிப் பாருங்கள். அதுவும் பொள்ளல் என்றால் செங்கல் தெரிய எடுத்துவிட வேண்டியதுதான். நான் சொன்ன ஐந்துக்கு ஏழு பாத்ரூமில் டைல்ஸும் பூச்சும் சேர்ந்து ஒரு டன் வரை இடிபாடு வரும். அரைச் சாக்காகக் கட்டினாலும் முப்பது நாற்பது சாக்கு. கூலி பேசும்போது 'உடைப்பு' என்று மட்டும் பேசாமல், சாக்கில் கட்டி வெளியே கொண்டுபோவதும் வண்டியில் ஏற்றுவதும் சேர்த்தா என்று கேட்டுவிடுங்கள். மூன்றாம் கட்டிலிருந்து வாசல் வரை சுமப்பது சின்ன வேலை இல்லை. ஊருணிக் கரையிலோ கண்மாய் ஓரத்திலோ கொட்ட விடாதீர்கள். தாழ்வான மனைக்கு மண் கேட்கிறவர்கள் ஊரில் எப்போதும் இருப்பார்கள்.

புதுப் பூச்சும் நீர்க்காப்பும்

செங்கல் இடுக்குகளை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, சுவரை நன்றாக நனையுங்கள். பைப், ஒயர் வேலைகள் எல்லாம் பூசுவதற்கு முன்பே முடிந்து, பைப்பில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்த்தாகிவிட வேண்டும். சிமெண்ட் சுவரில் ஒன்றுக்கு நாலு கலவை, பூச்சுக்கென்று விற்கும் பி-சாண்ட் மணலில். அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் வரை ஒரே தடவையில் பூசலாம். அதற்கு மேல் கனம் வேண்டிய இடத்தில் இரண்டு தடவையாகப் பூச வேண்டும். மேலே டைல்ஸ் வருவதால் வழவழப்பாகத் தேய்க்க வேண்டாம், மட்டப்பலகை ஓட்டிய சொரசொரப்பு இருக்கட்டும். தூக்குக்குண்டு விட்டு நேர் பார்ப்பதை இந்தக் கட்டத்தில் விட்டுவிட்டால் பிறகு டைல்ஸில் சரிக்கட்ட முடியாது.

பழைய சுண்ணாம்புச் சுவரில் அதே ஒன்றுக்கு நாலு கலவையைப் போடாதீர்கள். மெத்தென்ற சுவரின் மேல் கடினமான பூச்சு ஏறினால் நாளடைவில் அது தனியாகப் பிரியும், உள்ளே இருக்கும் ஈரமும் வெளியேற முடியாமல் அடைபடும். சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்ற கலவை இங்கே பொருந்தும். அந்தச் சுவரின் மறுபக்கத்தில் எண்ணெய்ப் பெயிண்ட், நீர் புகாத பெயிண்ட் எதுவும் அடிக்காமல் சுண்ணாம்பு வெள்ளையோடு விடுங்கள். ஒரு பக்கமாவது சுவர் மூச்சு விட வேண்டும்.

பூச்சை ஏழு நாள் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் காலையும் மாலையும் மட்டும் போதாது, மதியமும் ஒரு தடவை.

பிறகு நீர்க்காப்புப் பூச்சு. இதைத்தான் முக்கால்வாசிப் பேர் காசு மிச்சம் என்று விடுகிறார்கள். டைல்ஸும் அவற்றின் இடைவெளியை அடைக்கும் கிரௌட்டும் தண்ணீரை முழுக்கத் தடுப்பதில்லை, தடுப்பது பின்னால் இருக்கும் இந்தப் படலம்தான். சிமெண்ட் தூளும் பாலிமர் திரவமும் தனித்தனியாக வரும் இரண்டு பாகப் பூச்சு எந்தப் பெரிய ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். முதல் கோட்டிங்கைக் குறுக்காகவும், அது காய்ந்த பின் இரண்டாவதை நெடுக்காகவும் அடிக்க வேண்டும். ஷவர் சுவரில் ஏழு அடி உயரம் வரை, மற்றச் சுவர்களில் தரையிலிருந்து ஓரடி. தரையும் சுவரும் சேரும் மூலையிலும் குழாய் வெளிவரும் இடங்களிலும் வலைத்துணி பதித்து அடிக்கச் சொல்லுங்கள். காய்ந்ததும் ஜல்லடையை அடைத்துத் தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க நிறுத்துங்கள். மட்டம் இறங்குகிறதா, பக்கத்து அறைச் சுவரில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டைல்ஸ் வேலையைத் தொடங்க விட வேண்டும். தரை வாட்டம் அடிக்கு ஒரு நூலாவது (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) ஜல்லடையை நோக்கி இருக்கிறதா என்பதும் அந்தத் தண்ணீரைத் திறந்துவிடும்போது தெரிந்துவிடும்.

டைல்ஸ் மேல் டைல்ஸ்

இதில் பாதி வேலை சுத்தம் செய்வது. எண்ணெய்ப் பிசுக்கு, சீயக்காய்க் கறை, போர் தண்ணீர் விட்ட வெள்ளை உப்பு எதுவும் இருக்கக் கூடாது. சோப்புப் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். பொள்ளல் டைல்ஸை எடுத்துக் குழியை மட்டமாக அடையுங்கள். அப்புறம் கிரைண்டரில் கப் வீல் என்ற உரசும் வட்டைப் போட்டு மேல் பளபளப்பை மங்கும்படி உரசிவிட வேண்டும். உளிக் கொத்து இங்கேயும் வேண்டாம். தூசி துடைத்து, வழவழப்பான பரப்புக்கென்று விற்கும் மணல் கலந்த பிரைமரை ஒரு கை அடியுங்கள்.

ஒட்டுவதற்குச் சாதாரண சிமெண்ட் குழம்பு ஆகாது. பாலிமர் கலந்த டைல்ஸ் பசை வேண்டும். மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற தர எண்ணும், பழைய டைல்ஸின் மேல் ஒட்டலாம் என்ற குறிப்பும் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். மலிவான பசை செங்கல், சிமெண்ட் பூச்சுக்கு மட்டும்தான். பசையைப் பல் கரண்டியால் சுவர் முழுக்க இழுத்து, டைல்ஸின் முதுகிலும் மெல்லிசாகத் தடவி அழுத்த வேண்டும், நடுவில் உருண்டை வைக்கிற பழக்கம் கூடாது. சிமெண்டில் பதிப்பதற்கு டைல்ஸைத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். பசைக்கு ஊறப்போடக் கூடாது, காய்ந்த டைல்ஸ்தான் பிடிக்கும். வெயில் காலத்தில் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கச் சொல்லுங்கள், சட்டியில் இறுகியதில் தண்ணீர் விட்டு மறுபடி கிண்டினால் அதன் பலம் போய்விட்டது என்று அர்த்தம்.

சுவருக்குச் சுவர் அரை அங்குலம் கனம் கூடும் என்பதை முன்பே கணக்கில் வையுங்கள். கதவு நிலையை விட டைல்ஸ் முன்னால் துருத்தி நிற்கும். தண்ணீரைத் திருப்பிவிடும் ஷவர் டைவர்ட்டர் உள்ளே புதைந்துவிடும், அதற்கு நீளம் கூட்டும் துண்டான எக்ஸ்டென்ஷன் நிப்பிள் வாங்க வேண்டும். சுவிட்ச் பாக்ஸும் உள்வாங்கும். சுவருக்குப் பெரிய கனமான விட்ரிஃபைடு வேண்டாம், லேசான செராமிக் சுவர் டைல்ஸே போதும்.

பூச்சுதான் வேண்டும் என்றால்

டைல்ஸே பிடிக்கவில்லை, சுவரில் பெயிண்ட் அடித்துக்கொள்கிறேன் என்பவர்களும் உண்டு. தண்ணீர் தெறிக்காத இடத்தில், அதாவது பாத்ரூமுக்கு வெளியே வாஷ்பேசின் பக்கச் சுவரிலோ டிரஸ்ஸிங் மூலையிலோ இதைச் செய்யலாம். உரசிவிட்டு, மணல் கலந்த பிரைமர் அடித்து, பாலிமர் சேர்த்த மெல்லிய கலவையை ஒரு நூல் கனத்துக்கு இழுத்தால் போதும். கனம் கூடக்கூட ஆபத்து. ஜிப்சம் பூச்சு ஈரம் குடித்து மாவாகும், எந்தப் பாத்ரூமிலும் அதற்கு இடமில்லை. ஷவர் சுவருக்கு இந்த வழி எதுவும் பொருந்தாது.

எவ்வளவு நாள், எப்போது?

பெயர்த்து எடுத்துச் செய்தால் மூன்று வாரம். உடைப்புக்கு இரண்டு மூன்று நாள், பூச்சு, ஏழு நாள் நனைப்பு, நீர்க்காப்பு, தண்ணீர் கட்டிப் பார்ப்பது, டைல்ஸ், கிரௌட் என்று கூட்டினால் அவ்வளவு வந்துவிடும். மேலேயே ஒட்டுவது ஒரு வாரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தோடு இருக்கும், அப்போது நீர்க்காப்பு அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். தைக்குப் பிறகு தொடங்குவது நல்லது. படைப்புத் தேதி முடிவானதும் ஒன்றரை மாதம் முன்பே கொத்தனாரிடம் சொல்லிவிட்டால், நனைப்பு நாள்களைக் குறைக்கச் சொல்லி யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

டைல்ஸ் ஒட்டி ஒரு நாள் கழித்துத்தான் கிரௌட் அடைக்க வேண்டும். ஷவர் பக்கம் எபாக்சி கிரௌட் விலை கூடினாலும் போட்டுவிடுங்கள், போர் தண்ணீர்க் கறை அதில் எளிதில் ஏறாது. இரண்டு சுவர் சேரும் மூலையிலும் சுவரும் தரையும் சேரும் இடத்திலும் கிரௌட்டுக்குப் பதில் சிலிக்கான். அங்கேதான் கட்டடத்தின் சின்ன அசைவெல்லாம் வந்து சேரும், கிரௌட் வெடித்துவிடும். சிலிக்கான் போட்ட பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் விடுங்கள். மிச்சமான டைல்ஸில் ஒரு பெட்டியை, பேட்ச் எண் அச்சிட்ட அட்டையோடு பரணில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே நிறம் பிறகு கடையில் கிடைக்காது.